உயிர் போகாத ஆயுதம்னா விதியை ஏன் மறைக்கணும்?

ஜோகூரில் கோயில் தொண்டு செய்யும் நாங்கள் இதைக் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுறோம். முழுசா படிங்க.

"தடியும் பெப்பர் ஸ்பிரேயும் துப்பாக்கியா? உயிரா போயிடும்?" என்று நம்ம ஆளுங்களே கேட்கிறாங்க. போகும். 2025 ஜனவரி 17, தைப்பிங் சிறை. வேறு பிளாக்குக்கு மாற மறுத்தவர்களைக் காவலர்கள் தடியால் அடித்ததாகவும், பெப்பர் ஸ்பிரே பயன்படுத்தியதாகவும் சுஹாகாம் விசாரணையில் கைதிகள் சாட்சி சொன்னாங்க. அன்று ஒருவர் இறந்தார். 2009-ல் போலீஸ் காவலில் இறந்த குகன் மேல் ஒரு தோட்டா கூட பாயல. 2013-ல் உயர் நீதிமன்றம் 801,700 வெள்ளி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பணம் யார் வரி?

பத்துமலையை மறந்துட்டோமா? 2007 நவம்பர் 25 விடியற்காலை, முருகன் சன்னிதியில் கூடியிருந்த மக்கள் மேல் கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் அடிச்சாங்க. வெளியே ஓட வழியில்லாமல் தவித்ததாக அங்கே இருந்தவங்க சொன்னாங்க. காற்றோட்டம் இல்லாத, வெளியேற வழியில்லாத இடத்தில் புகை அடிக்கக் கூடாது, தடியால் தலை, கழுத்து, முதுகெலும்பில் அடிப்பதைத் தவிர்க்கணும் என்று ஐ.நா. 2020-ல் வழிகாட்டி வெளியிட்டது. மண்டேலா விதி 82, சிறைக் காவலர் பலத்தைப் பயன்படுத்தினால் தேவைக்கு மேல் போகக் கூடாது, உடனே மேலிடத்துக்குத் தெரிவிக்கணும் என்கிறது.

நம்ம நாட்டு விதி என்ன? போலீஸ் சட்டம் 1967, பிரிவு 97-ன்படி ஐ.ஜி.பி. நிலை ஆணை போடலாம். எப்போ அடிக்கலாம், எவ்வளவு அடிக்கலாம் என்பது அதுக்குள்ளே. அதைப் பொதுமக்கள் படிக்க முடியாது.

நாங்கள் ஃபேக்டரியில் வேலை செய்றவங்க. ஒரு கெமிக்கல் டிரம் உள்ளே வந்தால், கண்ணில் பட்டா என்ன செய்யணும் என்று எழுதின தாள் வேலையாள் பார்க்கிற இடத்தில் இருக்கணும். இல்லைன்னா சட்டப்படி குற்றம். டிரம்முக்கு உள்ள மரியாதை மனுஷன் கண்ணுக்கு இல்லையா?

"அதான் ஐ.பி.சி.சி. வந்துடுச்சே" என்பார்கள். 2023 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது உண்மை. ஆனால் நிலை ஆணைக்கு உட்பட்ட செயல்களை அது விசாரிக்க முடியாது. தண்டிக்கவும் முடியாது, பரிந்துரைதான். சிறைக் காவலர் அதன் கீழ் வரவே மாட்டார்.

"தப்பு செஞ்சவன்தானே" என்று சொல்லாதீங்க. தண்டனை கொடுக்க நீதிபதி இருக்கார், காவலர் இல்லை. போலீஸ்காரரும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். விதி வெளியே இருந்தால், ஒழுங்காக வேலை பார்த்தவருக்கும் அதுதான் கவசம்.

சிம்பாங் ரெங்கம், குளுவாங் சிறைகள் நம்ம மாநிலத்தில் இருக்கு. உங்க நாடாளுமன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு வருவார். மாலை போடுங்க, பொன்னாடை போடுங்க. கூடவே இதையும் கேளுங்க: "ஒய்.பி., அந்த விதியை எப்போ வெளியிடப் போறீங்க?"

சரின்னு பட்டா பகிருங்க.