காகிதம்தான், ஆனால் யார் கையில்?

“அடிக்கிற கையைக் காகிதமா தடுக்கும்?” என்று கேட்கிறார் நண்பர். கொடைக்கானல் மேல்மலையில், மனைவியை அடிக்கும் கணவனுக்கு எதிரான கோர்ட்டு உத்தரவு எடுபடாதாம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் குடும்பம் பிழைக்குமாம்.

பெரியவர்கள் என்ன பேசுவார்கள் என்பது ஊரறிந்த கதை. “குடிச்சா அப்படித்தான், நீதான் தாயி அனுசரிச்சுப் போகணும்.” கணவன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வான். மனைவி துணிப்பையோடு அதே வீட்டுக்குத் திரும்புவாள். அடுத்த சம்பள நாளில் சத்தியம் சாராயத்தில் கரைந்தால்? மறுபடி கூட்டம், மறுபடி கற்பூரம்.

நண்பர் இளக்காரம் செய்யும் காகிதத்தில் என்ன இருக்கிறது? 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, அவளை அவன் நெருங்கவோ போனில் தொல்லை செய்யவோ கூடாதென்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். 19ஆம் பிரிவு இன்னும் சுவையானது: வீட்டைவிட்டு வெளியேற வேண்டியவன் அவன். பையைத் தூக்கும் வேலை ஒருமுறையாவது கை மாறட்டுமே! விவாகரத்து வழக்கு ஒன்றில், வீட்டில் அமைதிக்கு வேறு வழியில்லையென்றால் கணவனை வெளியேற்றத் தயங்கக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாதுகாப்பு உத்தரவின் நகல் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகும். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். மீறினான் என்பதற்கு அவள் சாட்சியம் ஒன்றையே நீதிமன்றம் போதுமானதாகக் கொள்ளலாம். எந்தக் கற்பூரத்துக்கு இந்தச் சூடு உண்டு?

“குடும்பத்தை உடைக்கும் சட்டம்” என்பது நண்பரின் அடுத்த அம்பு. இந்தச் சட்டத்தில் விவாகரத்தே கிடையாது. 14ஆம் பிரிவு கவுன்சலிங்குக்கே வழி வைத்திருக்கிறது. புகார் கொடுத்ததுமே கணவனைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று அவர் பதறுவது வேறொரு சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு. எதிர்க்கிற சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எதிர்ப்பது ஒரு மரியாதை.

ஒன்றில் மட்டும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. மனுவுக்கு உதவ வேண்டிய மாவட்டச் சமூகநல அலுவலகம் திண்டுக்கல்லில் இருக்கிறது. கைக்குழந்தையோடு மலைப்பாதையில் பஸ் மாறி இறங்கி, மனு எழுதி, இருட்டுவதற்குள் ஊர் திரும்புவது லேசான காரியமில்லை. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் என்று சட்டம் சொல்வது, மேல்மலையின் கூக்கால் கிராமத்துப் பெண்ணுக்கு வேடிக்கையாகத்தான் கேட்கும். அதற்கு அந்த அலுவலக அதிகாரியை மேலே ஏறி வரச் சொல்ல வேண்டும். நண்பரோ காகிதத்தைக் கிழிக்கச் சொல்கிறார்.

உத்தரவு மலையேறாது என்பவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மேல்மலையிலுள்ள மன்னவனூர் ஏரிக்கு எத்தனை வண்டி ஏறுகிறது என்று நின்று எண்ணிப் பார்க்கட்டும்.