மூன்று அங்குலமா, இருபது அங்குலமா?

டெல்டாவில் கைத்துப்பாக்கி ஆசை புதிதல்ல. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கொஞ்சம் நிலபுலன் உள்ளவர்கள் நாலு பேர் கூடினால், ரிவால்வருக்கு மனு போடலாமா, குழல் 2 அங்குலம் நல்லதா, 4 அங்குலம் நல்லதா என்று பேச்சு வருவதுண்டு. தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ளக் குட்டைக் குழல், காடு கழனிக்கு நீளக் குழல் என்று அமெரிக்கக் காணொலிகளில் சொல்வதைக் கேட்டுக் கிளம்புகிற கேள்வி அது. உங்கள் கவலை வயலைப் பற்றியது என்றால், விவசாயியின் துப்பாக்கிக் குழல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டமே சொல்லியிருக்கிறது. அது ரிவால்வர் அல்ல.

முதலில் குழல் நீளத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். குழல் நீண்டால் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடைவெளி கூடும். குறி தப்புவது குறையும். மருந்து எரிந்து தோட்டாவைத் தள்ளக் கூடுதல் தூரம் கிடைப்பதால் வேகமும் சற்றுக் கூடும். குட்டைக் குழலில் தீப்பிழம்பும் சத்தமும் அதிகம், கை ஆட்டமும் அதிகம். மறைத்து வைக்கலாம் என்பது ஒன்றுதான் அதில் லாபம்.

நம் ஊரில் இந்த ஆராய்ச்சிக்கு இடம் குறைவு. உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் வாங்குவது கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் பாயிண்ட் 32 ரிவால்வர். 2014-ல் பெண்களுக்கென்று வந்த ‘நிர்பீக்’ சுமார் அரைக் கிலோ எடை. 2023-ல் வந்த ‘பிரபல்’ 700 கிராம். குழல் 76 மில்லிமீட்டர், அதாவது 3 அங்குலம். 50 மீட்டர் வரை எட்டும் என்று விளம்பரம் செய்தார்கள். எட்டுவது வேறு, ராத்திரியில் ஓடுகிற உருவத்தின்மீது படுவது வேறு. 3 அங்குலக் குழலை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால் குறி வைக்க, பழகிய கை வேண்டும். வருஷத்துக்கு எத்தனை தோட்டா சுட்டுப் பழகப்போகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அதை எங்கே வைப்பீர்கள்? காணொலியில் வருகிறவருக்குத் தடித்த பெல்ட்டும் தோல் உறையும் இருக்கின்றன. நமக்கு வேட்டி, அல்லது மடித்துக் கட்டிய கைலி. குனிந்து மடை திறக்கும்போதும், சேற்றில் கால் வழுக்கும்போதும், எக்ஸ்.எல். வண்டியில் உர மூட்டையோடு வரப்பு ஏறும்போதும் அந்த முக்கால் கிலோ எங்கே இருக்கும்? மடியில் செருகினால் விழும்; விழுந்ததை வேறொருவர் எடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மோட்டார் கொட்டகையில் தொங்கவிட்டுவிட்டுப் போவது அதைவிட மோசம்.

சரி, எதற்கு வேண்டும்? கையில் பணம் வரும் காலத்தில் பயம் என்பார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் இப்போது வங்கிக் கணக்குக்குப் போகிறது. மோட்டார் ஒயர் திருட்டு என்பார்கள். அது உண்மையான தொல்லைதான். ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கும் உரிமையைக் கொள்ளை, இரவில் வீடு புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே தருகிறது. திறந்த வயலில் ஒயரை அறுத்துக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டால், சிறைக்குப் போவது நீங்கள்தான். பாம்புக்கு என்று சொல்பவர்களுக்கு என்ன சொல்ல? டார்ச்சும் கம்பும் முழங்கால் வரை பூட்ஸும் வாங்குங்கள்.

மிச்சம் இருப்பது பன்றி. ஆற்றுப் படுகைப் புதர்களில் பதுங்கி, கரும்பிலும் வாழையிலும் இறங்குகிற பன்றிக்கு பாயிண்ட் 32 தோட்டா காயத்தைத்தான் தரும். காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தால் மறுநாள் காலையில் அந்த வரப்பில் நடக்கிற நடவுப் பெண்கள்தான் முதலில் மாட்டுவார்கள். இன்னொன்றையும் யோசியுங்கள்: நம்முடையது சமதளம். குன்று கிடையாது, மேடு கிடையாது. குறி தப்பிய தோட்டா தண்ணீரில் பட்டுத் தெறித்துப் பக்கத்துத் தெரு வரை போகும். ரவை போட்டுச் சுடும் துப்பாக்கியின் சிறு ரவைகள் அவ்வளவு தூரம் போகாமல் வலுவிழந்துவிடும்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13(3) பிரிவு இங்கேதான் வருகிறது. பாதுகாப்புக்காக, 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிக்கும், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும், தடை ஏதும் இல்லாத குடிமகனுக்கு உரிமம் ‘வழங்க வேண்டும்’ என்கிறது அது. மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால், பயிருக்கே அந்த 20 அங்குலத் துப்பாக்கியைத் தரலாம் என்றும் சொல்கிறது. ரிவால்வருக்கு இந்த வழி கிடையாது. ‘தக்க காரணம்’ இருக்கிறது என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். ஒளித்து வைக்க முடியாத ஆயுதத்துக்குக் கதவு கொஞ்சம் அகலம், மடியில் ஒளிகிற ஆயுதத்துக்குக் குறுகல். என் கணக்கில் இது நியாயமான ஏற்பாடு.

நம் காவிரி பிறக்கிற குடகைப் பாருங்கள். அங்கே குடகர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்தே விலக்கு. 2029 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நடவு முடிந்ததும் செப்டம்பரில் கொண்டாடும் கைல்போத் திருநாளில் வீட்டுத் துப்பாக்கியை எடுத்துத் துடைத்து, குழல் வாயில் செங்காந்தள் பூச் செருகி வணங்குகிறார்கள். பயிர்க் காவலுக்கு இறங்கும் நாள் அது. பூச் செருகப்படுவது நீளக் குழல் துப்பாக்கியில்தான்.

நீளம் தொல்லை என்று குழலை அறுத்துக் குட்டையாக்குகிற பட்டறை வேலை வேண்டாம். உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதை 6-வது பிரிவு தடுக்கிறது; 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. நல்ல துப்பாக்கிக்கு உரிமம் வாங்கியவர்கூட ஒரு ரம்பத்தால் குற்றவாளியாகலாம்.

உரிமம் கிடைத்தாலும் அது பன்றியைக் கொல்ல அனுமதி அல்ல என்பதையும் மறக்காதீர்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பன்றிக்கும் மயிலுக்கும் உண்டு. பாய்ந்து வரும் விலங்கிடமிருந்து உயிர் காத்துக்கொள்வது மட்டும் விலக்கு. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது அவர்கள். விவசாயியின் துப்பாக்கி வானத்தைப் பார்த்து வெடித்துக் கூட்டத்தைக் கலைக்கத்தான். அதற்காகக் கம்பியில் கரண்ட் வைக்கிற அநியாயம் நிற்குமானால் அதுவே பெரிது; அந்த வேலியில் பன்றியோடு மனிதர்களும் மாண்டிருக்கிறார்கள்.

வேளாண் உதவி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேதத்தைப் பார்க்கப் போகும்போது சர்வே எண், பயிர், வயது, சேதமான பரப்பு, தேதி ஆகியவற்றோடு ஒரு படமும் எடுத்து எழுத்தாகக் கொடுங்கள். விவசாயிகள் அதை இணைத்து, ‘துப்பாக்கி வேண்டும்’ என்று மொட்டையாக எழுதாமல், 13(3) பிரிவின்படி பயிர்ப் பாதுகாப்புக்கு என்று குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனுச் செய்யுங்கள். நகலைக் குறைதீர் நாள் கூட்டத்திலும் கொடுங்கள். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அது சம்பா கதிர் பிடிக்கிற நேரமாக இருந்தால், பயிர்க் காவலுக்கு விலக்குக் கேட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.