ஜெல் கரையும், பார்வை திரும்புமா?

கண்ணுக்குக் கீழே விழும் பைக்கும் சுருக்கத்துக்கும் ஒரே ஃபில்லர் ஊசி போதும், பிடிக்காவிட்டால் கரைத்துக்கொள்ளலாம், ஆகவே பார்லரிலேயே போட விட வேண்டும், டாக்டர்கள் எதிர்ப்பது வருமானத்துக்காக என்று வாதிடுகிறார் அழகுக்கலை நிபுணர் ஒருவர். ஆபத்தான வாதம் இது.

பை என்பது என்ன? விழியைச் சுற்றி மெத்தைபோல இருக்கும் கொழுப்பு, அதைத் தடுத்து நிற்கும் சவ்வு வயதாகித் தளர்ந்ததும் முன்னால் பிதுங்குவது. பிதுங்கிய இடத்தில் ஜெல்லையும் ஏற்றினால் வீக்கம் கூடும்; அந்த ஜெல்லில் உள்ள ஹயலுரானிக் அமிலம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-இல் ஜுவிடெர்ம் வால்பெல்லா என்ற ஃபில்லரை அனுமதித்தது கண்ணுக்குக் கீழே விழும் பள்ளத்துக்கு; பைக்கு அல்ல. கொழுப்புப் பைக்கு நிலையான தீர்வு, இமையின் உட்புறம் கீறிக் கொழுப்பை எடுப்பது அல்லது இடம் மாற்றி வைப்பது. சிரித்தால் கண்ணோரம் விழும் கோடுகளுக்கு போடாக்ஸ். அதுவும் மூன்று நான்கு மாதம்தான் தாங்கும். மெல்லிய சுருக்கத்துக்கு ட்ரெட்டினாயின், தினமும் சன்ஸ்கிரீன். இவற்றில் எதையும் அவர் பேசவில்லை.

கரைக்கலாம் என்பது பாதி உண்மை. ஹயலுரானிடேஸ் ஊசி ஜெல்லைக் கரைக்கும். ஆனால் ஊசிமுனை தமனிக்குள் இறங்கிவிட்டால்? அழுத்தத்தில் ஜெல் ரத்த ஓட்டத்துக்கு எதிராக ஏறி, கண்ணுக்குப் போகும் தமனியை எட்டி, விழித்திரையின் ரத்தத்தை அடைத்துவிடும். பார்வை அந்த இடத்திலேயே போய்விடலாம். அதை நிச்சயமாக மீட்டுத் தரும் சிகிச்சை இன்றுவரை கிடையாது. 2015-லேயே எஃப்.டி.ஏ. இந்த ஆபத்தைப் பற்றி எச்சரித்துவிட்டது. அரிதாகத்தான் நடக்கும் என்பார், சரி. அப்படி நடக்கும்போது தோல் சட்டென்று வெளுப்பதைப் பார்த்துக் கையை நிறுத்தவும், கரைப்பு மருந்தை உடனே ஏற்றவும், கண் மருத்துவரிடம் விரைந்து அனுப்பவும் பார்லரில் யார் இருக்கிறார்கள்?

வருமானக் குற்றச்சாட்டும் நிற்காது. நல்ல தோல் மருத்துவர் முதலில் அலர்ஜி, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார். கண் வீங்க அவையும் காரணம். நோய் தெரிந்தால் ஊசியே வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார். காசுக்கு அலைபவர் அதைச் செய்ய மாட்டார்.

அழகாக இருக்க ஆசைப்படுவதில் தவறே இல்லை. அந்த ஆசையோடு வருபவரிடம் பார்வை போகலாம் என்பதை மறைத்து ஊசி விற்பதுதான் தவறு. பெண்களின் நன்மைக்காகப் பேசுவதாகச் சொல்லும் அந்த அழகுக்கலை நிபுணர், முதலில் இந்த உண்மையை அவர்களிடம் சொல்லட்டும்.