சின்னத் தாத்தா ஒற்றர்தான், அதில் என்ன கேவலம்?



நம் குடும்ப மலர் அச்சுக்குப் போகிறது. அதில் என் சின்னத் தாத்தாவை “பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 1942-ல் அங்கே ஒற்றர் பயிற்சி எடுத்ததை அவரே கைப்பட எழுதிய நோட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்த பிறகும்! கேட்டால், “ஒற்றன்னு போட்டா காட்டிக்கொடுத்தவன்னு நினைப்பாங்க, எதுக்கு வம்பு?” என்கிறார் ஒரு மாமா.

யாரை யாரிடம் காட்டிக்கொடுத்தார் மாமா? வெள்ளைக்காரனுக்கு எதிராகத்தானே போனார்?

இந்திய சுதந்திர லீக் பினாங்கில் நடத்திய அதே பயிற்சியில் இருந்தவர் வக்கம் அப்துல் காதர், திருவனந்தபுரம் பக்கத்துப் பையன். 1942 செப்டம்பரில் ஜப்பான் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார் கரையில் தானூரில் இறங்கிப் பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10-ல் சென்னைச் சிறையில் தூக்கு. வயது 26. அதே நாளில் அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகியோரும் தூக்கிலிடப்பட்டார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அந்தச் சிறையை 2009-ல் இடித்து, இடத்தை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே படித்த என் மாணவர்களே, இதை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

அதே போரில் பிரிட்டனுக்காக பிரான்ஸில் உளவு பார்த்தவர் திப்பு சுல்தான் வம்சத்து நூர் இனாயத் கான். 1944-ல் ஜெர்மானியர் அவரைக் கொன்றார்கள். 1949-ல் பிரிட்டன் ஜார்ஜ் சிலுவை கொடுத்தது. அவர்கள் தங்கள் ஒற்றரைக் கொண்டாடுகிறார்கள், நாம் நம் ஒற்றரை மளிகைக் கடையில் உட்கார வைக்கிறோம்.

தேசிங்குராஜன் செத்து 300 வருஷம் தாண்டிவிட்டது. செஞ்சியைச் சுற்றி அவன் குதிரையின் பெயர்கூடத் தெரியாதவர் இல்லை. சொந்த வீட்டுத் தாத்தா விஷயத்தில் மட்டும் என்ன கூச்சம்?

தியாகி பென்ஷன் 1972-ல் வந்தபோது இவர் ஏன் கேட்கவில்லை என்று மடக்குகிறார்கள். சிறையில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். ரகசியப் பயிற்சி எடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் வீடு திரும்பியவர் எந்தச் சான்றிதழைக் காட்டுவார்?

இன்னொரு பக்கம் தம்பி மகன் “நேதாஜியின் வலது கை” என்று போடச் சொல்கிறான். அடேய், நேதாஜி சிங்கப்பூர் வந்ததே 1943 ஜூலையில். இவர் பயிற்சி எடுத்தபோது அவர் ஜெர்மனியில் இருந்தார். புளுகைச் சேர்த்தால் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

இப்படிப் போடுங்கள்: “1942-ல் பினாங்கில் ஒற்றர் பயிற்சி பெற்றார், களத்துக்கு அனுப்பப்படவில்லை.” மாமா, ப்ரூப் என்னிடம் வராமல் அச்சுக்குப் போகக்கூடாது.