சோறு முதலில், சுதந்திரம் பிறகாம்!

"ஏழை நாட்டுக்கு ஜனநாயகம் எதற்கு? முதலில் ஆலைகள் எழட்டும், வயிறு நிறையட்டும், வாக்குச்சீட்டு காத்திருக்கட்டும்!" இப்படிப் பேசுவோர் யார் தெரியுமா, தோழர்களே? வயிறு நிறைந்தவர்கள்!

சான்றுக்குத் தென்கொரியாவைக் காட்டுகிறார்கள். 1961இல் படைத்தலைவர் பார்க் சுங் ஹீ ஆட்சியைப் பறித்தார், ஏற்றுமதி பெருகிற்று. மறுக்கவில்லை. ஆனால், பெருநிலக்கிழாரின் ஆதிக்கத்தை ஒடித்த நிலச்சீர்திருத்தம், அவர் வருமுன்பே, 1950இல் வந்ததே! அதை ஏன் மறைக்கிறார்கள்?

ஏற்றுமதித் துணியைத் தைத்த விரல்கள் எவருடையவை? சியோல் நகரத்து அமைதிச் சந்தையில் (பெயரைப் பாருங்கள், அமைதிச் சந்தை!) நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாப் பரண் அறைகளில் அடைபட்ட ஏழைச் சிறுமியருடையவை. தொழிலாளர் சட்டம் இருந்தது, ஏட்டிலே! 1970 நவம்பர் 13இல், ஜோன் தே இல் எனும் 22 வயதுத் தொழிலாளி, "நாங்கள் இயந்திரங்கள் அல்ல" என்று முழங்கித் தீயில் மாண்டான்.

செல்வம் வளர்ந்ததும் சங்கிலி தளர்ந்ததா? 1972இல் யூசின் அரசியல் சட்டம் அதை இறுக்கிற்று. 1980இல் குவாங்ஜு வீதியில் குருதி. 1987 ஜூனில் மக்கள் திரண்டெழுந்த பிறகே நேரடித் தேர்தல் கிட்டிற்று. ஆலை வளர்ந்ததால் தொழிலாளர் படையும் வளர்ந்தது, உண்மை. போரிட்டது ஆலையல்ல, அந்தப் படை!

"பண்பாடே விதி" என்றார் சிங்கப்பூரின் லீ குவான் யூ. ஒருகாலத்தில் மரண தண்டனை பெற்ற கிம் தே ஜுங் 1994இல் விடையிறுத்தார்: கொடுங்கோலனை அகற்றும் உரிமையை ஆசியாவின் மென்சியசு அன்றே உரைத்தார் என்று. 1997இல் அவரையே மக்கள் அதிபராக்கினர்.

2024 டிசம்பர் 3 இரவு, மீண்டும் இராணுவச் சட்டம் பாய்ந்தது. மதிலேறிக் குதித்து அவை புகுந்தனர் உறுப்பினர்கள். வந்திருந்த 190 பேரும் ஒருமுகமாய் வாக்களித்தனர். விடியுமுன் சட்டம் வீழ்ந்தது.