தையலோடு முடிவதில்லை சிகிச்சை

மலக்குடல் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏழு மாதங்கள் என் வயிற்றின் வலப்புறத்தில் ஒட்டப்பட்டிருந்த பை அகற்றப்பட்டபோது, அம்பத்தூரில் உள்ள என் வீட்டுக்கு வந்த உறவினர்கள் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: ‘பை போய்விட்டது, இனிக் கவலை இல்லை’. நானும் அப்படியே நம்பினேன். மருத்துவமனையில் இருந்து திரும்பியபோது என் கையில் தரப்பட்ட தாளில் தையல் பிரிக்கும் தேதியும் மாத்திரைகளின் பெயர்களும் இருந்தன. குடல் இனி எப்படி இயங்கும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்து வந்த வாரங்களில் ஒரே நாளில் பதினைந்து முறை கழிப்பறைக்குச் சென்ற நாள்கள் உண்டு. சென்று திரும்பிய பத்தாவது நிமிடத்தில் மீண்டும் ஓட வேண்டியிருக்கும். திருவேற்காட்டில் நடைபெற்ற தங்கை மகளின் திருமணத்துக்கு நான் போகவில்லை; காய்ச்சல் என்று பொய் சொன்னேன். இதைப் பொதுவெளியில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால், இத்தகைய கூச்சத்தால்தான் இந்தத் துன்பம் மருத்துவக் கொள்கையிலும் நகரத் திட்டமிடலிலும் இடம்பெறாமலேயே போகிறது.

மலக்குடலில் கட்டி வந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதமுள்ள குடலை ஆசனவாய்க்கு அருகில் இணைக்கும்போது, அந்த இணைப்பு ஆறுவதற்கு அவகாசம் தேவை. அதில் கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றின் மேல் திறந்து, கழிவைத் தற்காலிகமாக ஒரு பையில் சேரச் செய்கிறார்கள். இதுவே ‘இலியாஸ்டமி’. பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதங்களில் திறப்பை மூடிவிடலாம். இடையில் கீமோதெரபி தேவைப்பட்டால் தள்ளிப்போகும். டைபாய்டு காய்ச்சல், வயிற்றுக் காசநோய் ஆகியவற்றால் சிறுகுடலில் துளை விழுந்தவர்களுக்கும் நம் நாட்டில் இந்த அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. அவர்களுக்கு மலக்குடல் அப்படியே இருப்பதால், திறப்பை மூடியபின் சில வாரங்கள் வயிற்றுப்போக்கு இருந்தாலும், குடல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மலக்குடலை இழந்தவர்களின் நிலை வேறு. கழிவைச் சேமித்து வைத்து, உரிய இடமும் நேரமும் வாய்க்கும்வரை நம்மைப் பொறுத்திருக்கச் செய்யும் கிடங்கு மலக்குடல். வந்திருப்பது வாயுவா, நீரா, திடமா என்று பிரித்தறியும் உணர்வும் அப்பகுதியைச் சார்ந்ததே. அது போனபின், அந்த வேலைக்குப் பழகாத பெருங்குடல் அதை ஏற்க வேண்டியிருக்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற்றிருந்தால், திசுக்கள் இறுகி, நரம்புகளும் ஆசனவாய்த் தசைகளும் வலுவிழந்திருக்கும். பை இருந்தவரை இவையெல்லாம் மறைந்தே இருக்கும். பையை எடுத்த பிறகுதான் நோயாளிக்கே தெரியவரும்.

மருத்துவ உலகம் இதற்கு ‘லார்ஸ்’ என்று சுருக்கப் பெயரிட்டிருக்கிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2012-இல் இதற்கென ஓர் அளவுகோலை வகுத்தனர். வாயுவை அடக்க முடிகிறதா, நீர்மலம் கசிகிறதா, ஒரு நாளில் எத்தனை முறை, ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் போக நேர்கிறதா, ஓட வேண்டிய அவசரம் உண்டா என ஐந்தே கேள்விகள். மொத்த மதிப்பெண் 42. அதில் 30 அல்லது அதற்கு மேல் வந்தால் பாதிப்பு கடுமையானது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான மதிப்பீடு ஒன்று, இவ்வகை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 41 சதவீதத்தினர் கடுமையான பாதிப்புக்கு உள்ளாவதாகக் கூறுகிறது. பத்தில் நால்வருக்கு நேர்வதை அரிய பக்கவிளைவு என்று ஒதுக்க முடியாது.

பல நாட்டு நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட வரையறை இன்னும் முக்கியமானது. அறிகுறி இருந்தால் மட்டும் போதாது, அதனால் வாழ்க்கையில் ஏதேனும் ஒரு விளைவும் இருக்க வேண்டும் என்கிறது அது. கழிப்பறையை விட்டு அகல முடியாமை, ஓயாமல் குடலைப் பற்றிய நினைப்பு, வேலையிலும் உறவுகளிலும் ஏற்படும் பின்னடைவு ஆகியவை அவ்விளைவுகளில் சில. அதாவது, நோயின் கடுமையை உடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. நோயாளி வாழும் ஊரும் தீர்மானிக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகரை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். ஆவடியில் இருந்து சென்ட்ரலுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தடத்தில் ஆயிரக்கணக்கானோரை நாள்தோறும் சுமக்கும் புறநகர் மின்சார ரயில்களில் கழிப்பறை கிடையாது. உடல்நலம் உள்ளவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஐந்து நிமிடம்கூடப் பொறுக்க முடியாதவருக்கோ, எந்த நிலையத்தில் இறங்கினால் கழிப்பறை எத்தனை அடியில் இருக்கிறது என்ற வரைபடம் மனத்தில் இல்லாமல் பயணம் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கும் மாநகரப் பேருந்தில் அந்த வரைபடமும் உதவாது.

என் வார்டில் அதே வாரம் பை அகற்றப்பட்டவர் ஒருவர், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டுபவர். ‘வேலையை நிறுத்திவிட்டு எத்தனை தடவை சார் போவது? முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது’ என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். அவர் கண்டுபிடித்த வழி பட்டினி. காலையில் ஒன்றும் உண்ணாமல் சென்று, மாலை வீடு திரும்பிய பிறகே சாப்பிடுவார். புற்றுநோயில் இருந்து மீண்ட உடல், கழிப்பறைக்குப் பயந்து மெலிந்துகொண்டிருந்தது.

கழிப்பறைகள் போதுமான அளவில் இருக்க வேண்டும், பணியிடத்தில் உள்ளவரை தொழிலாளர்கள் எந்நேரமும் அவற்றுக்குச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கூறியது. ஆனால், மின்விசையால் இயங்கும் ஆலையாயின் பத்துப் பேராவது பணியாற்றினால்தான் அச்சட்டம் பொருந்தியது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகள் அன்றும் வெளியே, இன்றும் வெளியே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. வயிற்றில் பையோடு வாழ்பவர்களுக்கே அதில் தனி இடம் இல்லை எனும்போது, பையை எடுத்துவிட்டவர்களை யார் நினைப்பார்கள்?

தமிழகம் மருத்துவத்தில் பின்தங்கிய மாநிலம் அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்; புற்றுநோய் அறுவைச் சிகிச்சைகள் பலவும் அதில் அடங்கும். இதனால் உயிர் பிழைத்த ஏழைகள் ஏராளம். ஆனால், எந்தக் காப்பீடும் எண்ணிக் கணக்கிடக்கூடிய செயல்முறைகளுக்கே பணம் தருகிறது. குடலை இணைத்ததற்குக் கணக்கு உண்டு. இணைத்த குடலோடு வாழக் கற்றுத்தருவதற்கு எளிதில் கணக்கு எழுத முடியாது.

இத்தனைக்கும் இந்தப் பாதிப்பைக் குறைக்கும் வழிகளில் பெரும்பாலானவை செலவு குறைந்தவை. மருத்துவரின் அளவுப்படி எடுக்கும் லோபிரமைடு மாத்திரை, கழிவைக் கெட்டிப்படுத்தும் இசப்கோல், இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி, ஆசனவாயைச் சுற்றிய தோல் புண்ணாகாமல் காக்கும் களிம்பு ஆகியவை முதற்படிகள். இவற்றில் குணம் காணாதவர்களுக்குக் குடலை நீரால் கழுவும் முறையும், நரம்பைத் தூண்டும் சிகிச்சையும் உள்ளன. பெரும்பாலோருக்கு முதல் ஓராண்டில் படிப்படியாக முன்னேற்றம் ஏற்படும் என்ற ஒரு செய்தியே பெரிய மருந்து. அது தெரியாததால்தான் பலர் அறுவைச் சிகிச்சை தோற்றுவிட்டதாக எண்ணி மனம் உடைகிறார்கள். எனக்கு அந்தச் செய்தி நான்காம் மாதத்தில்தான் கிடைத்தது. அதுவும் நானாகக் கேட்ட பிறகு.

எனவே, முதலில் செய்ய வேண்டியது மிக எளியது. பையை அகற்றும் முன்பே, பிறகு என்ன நேரக்கூடும் என்பதை நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். அந்த ஐந்து கேள்விகளையும் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு மறுவருகையிலும் நிரப்பச் செய்யலாம். உணவுக் குறிப்பும் நம் சமையலறைக்கு உரியதாக இருக்க வேண்டும். ரொட்டியையும் ஓட்ஸையும் பற்றிச் சொல்லும் தாள், இட்லியும் மோர்ச்சோறும் காரக்குழம்பும் உண்பவருக்குப் பயன்படாது.

இரண்டாவதாக, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இதற்கும் இடம் தரலாம். நீரிழிவு, உயர் ரத்த அழுத்த மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையும், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான பைகளும் அத்திட்டத்தில் வீடு தேடிச் செல்கின்றன. இடுப்புத்தளப் பயிற்சி கற்றுத்தருவது அந்த இயன்முறை மருத்துவர்களுக்குப் புதிய சுமையாக இருக்காது. பயிற்சி பெற்ற செவிலியர் மாதம் ஒரு முறை அழைத்துப் பேசினாலே பாதிச் சிக்கல் தீரும்.

மூன்றாவது, கழிப்பறை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2005-இல் ஒரு சட்டம் இயற்றியது. குடல் நோய் உள்ள சிறுமி ஒருத்திக்குக் கடை ஒன்றில் கழிப்பறை மறுக்கப்பட்டதே அதற்குக் காரணம். இத்தகைய நோயுள்ளவர்கள் கேட்டால், ஊழியர்களுக்கான கழிப்பறையைக் கடைக்காரர்கள் திறந்துவிட வேண்டும் என்கிறது அச்சட்டம். நம் நாட்டிலும் தெற்கு தில்லி மாநகராட்சி 2017-இல் உணவகங்களின் கழிப்பறைகளைப் பொதுமக்கள் பயன்படுத்த அனுமதிக்கச் சொன்னது. ஐந்து ரூபாய் வரை கட்டணம் வாங்கவும் இடமளித்தது. 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஆவடியும், பூந்தமல்லி நகராட்சியும், சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலமும் இத்தகைய முயற்சியைத் தொடங்க எந்தத் தடையும் இல்லை. மருத்துவமனை தரும் ஓர் எளிய அடையாள அட்டை, கேட்பவரின் கூச்சத்தையும் தயக்கத்தையும் குறைக்கும்.

உயிரைக் காப்பதற்கே நிதி போதாதபோது இதெல்லாம் ஆடம்பரம் அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். பட்டினி கிடந்து வேலைக்குப் போகிறவருக்கு நாம் காத்துக் கொடுத்த உயிரால் என்ன பயன் என்பதே அதற்குப் பதில். மேலும், நன்கு பராமரிக்கப்பட்ட ஒரு கழிப்பறை லார்ஸ் பாதித்தவருக்கு மட்டுமா உதவும்? கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளவர்கள், முதியவர்கள், நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் கடையில் நிற்கும் பெண்கள் என அதற்காகக் காத்திருப்போர் பலர்.

எனக்கு இப்போது ஒரு நாளில் நான்கைந்து முறையோடு அடங்குகிறது. இந்தக் கட்டுரையை எழுதும் துணிவும் அதனால் வந்ததுதான். லேத் ஓட்டும் நண்பர் வேறொரு பட்டறைக்கு மாறி, இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அந்நேரத்தில் ஆள்கள் குறைவு, கழிப்பறை காலியாக இருக்கும் என்பதே காரணம். அவருடைய மருத்துவக் கோப்பில் இந்தச் செய்தி இருக்காது. சிகிச்சை வெற்றி என்றுதான் அதில் எழுதியிருக்கும்.