இல்லப் பராமரிப்பு: கூலரைத் தொடுமுன்

நாகபுரியில் சித்திரை வெயில் தொடங்கிவிட்டது. அன்பர்கள் பரணிலிருந்து கூலரை இறக்கும் வேளை இது. சென்னைக் கடற்காற்றின் ஈரத்தில் இக்கருவி அவ்வளவாகப் பயன்படுவதில்லை. இங்கோ வறண்ட காற்று ஈரத்தட்டியைக் கடந்ததும் குளிர்ந்துவிடுகிறது.

பழைய மரச்சீவலை நீக்கிப் புதியதை இடைவெளியின்றிப் பரப்புதல் அரைமணி வேலையே. 'கஸ்' என இங்கு விற்கும் வெட்டிவேருக்கு மணம் மிகுதி, விலையும் மிகுதி. எதிர்ச்சன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். இன்றேல் அறை புழுங்கும்.

அஞ்சத்தக்கது மின்சாரமே. சென்ற ஆண்டு எம் இளைய மகன் தொட்டியில் நீர் வார்க்கையில் தகர உடலைத் தொட்டுத் தூக்கியெறியப்பட்டான். காலில் ரப்பர்ச் செருப்பு இருந்தமையால் பிழைத்தான் என்றே கருதுகிறோம். பிழை எம்முடையது. வயரை மாற்றியபோது, இரு கம்பிகள் போதுமெனப் பச்சைக் கம்பியை வெட்டிவிட்டிருந்தோம்! அக்கம்பி பிளக்கின் தடித்த முள்ளிலும், கூலர் உடலில் துரு சுரண்டிய இடத்திலும் இறுகத் திருகப்படல் வேண்டும். சுவரில் எர்த் உண்டா என்பதை மின்பணியாளரே சோதிக்கட்டும். அது நம் வேலையன்று.

சுவிட்சை அணைத்தல் போதாது. சில வீடுகளில் அது நியூட்ரல் கம்பியில் மாறி இணைக்கப்பட்டிருக்கும். இப்பொழுது பிளக்கைப் பிடுங்கிச் சன்னல் கட்டையில், கண்ணுக்குத் தெரியும்படி வைத்த பின்னரே குடத்தை எடுக்கிறோம்.